அலையில் தூக்கி அடிக்கும் வேக வள்ளம்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து ஃபைபர் வள்ளங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடு வருவார்கள்: "அண்ணே, வள்ளம் தூக்கி அடிக்குது." அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கிவிடும். எதிரலையில் அடிக்கிறது என்று சுமையை அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, நகர்த்தினால் அடி குறையும். அதே சுமையோடு பின்னலையில் கரைக்குத் திரும்பும்போது வள்ளம் மூக்கைக் குத்திப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அதனால் முதலில் எந்த அறிகுறி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போங்கள்.

இது 25 முதல் 32 அடி வரை நீளமுள்ள, 25 அல்லது 40 ஹெச்.பி. வெளிப்பொருத்து எஞ்சினில் (பின்பக்கம் வெளியே மாட்டுவது) 12 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) மேல் ஓடும் வள்ளங்களுக்கானது. 9.9 ஹெச்.பி. எஞ்சின் ஒன்றை மட்டும் மாட்டி மெதுவாக ஓடும் வள்ளத்துக்கு இதில் பாதி பொருந்தாது. அது அலையோடு ஏறி இறங்கும், அலைமேல் பறக்காது.

நம் கரையில் இது ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது உள்ளே எஞ்சின் வைத்த பெரிய விசைப்படகுகளுக்குத்தான், வள்ளங்களுக்கு இல்லை. கடல் மிக மோசமாக இருக்கும் ஆனி ஆடியில் விசைப்படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்க, வள்ளம்தான் ஓடுகிறது. முதுகு போகிறவர்களும் வள்ளக்காரர்கள்தான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டம், ஒரு நைலான் கயிறு, பிளாஸ்டிக் பிடி போட்ட கனமான ஸ்குரூடிரைவர், அளவு நாடா, சாய்வு காட்டும் செயலி உள்ள கைபேசி. இவ்வளவு போதும். கடலில் சோதனை ஓட்டம் போகும்போது தனியாகப் போகாதீர்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம்தான். எஞ்சினின் சாய்வை நிறுத்தும் முளையான பின்னையும் மாற்றி, சுமையையும் நகர்த்தி, வேகத்தையும் குறைத்துவிட்டு "இப்ப சரியாயிட்டு" என்றால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி 1: எதிரலையில் படார் படார் என்று அடிக்கிறது

*காலி வள்ளத்தில்தான் அடிக்கிறதா, சுமையோடும் அடிக்கிறதா?*

போகும்போது அடித்து, மீனும் ஐஸும் ஏற்றித் திரும்பும்போது அடி குறைந்தால் வள்ளத்தின் வடிவத்தைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். எடை குறைந்த வள்ளம் அலையில் அதிகம் அடிபடும், அது இயல்பு. ஆனால் காலி வள்ளத்தில் எஞ்சின், மண்ணெண்ணெய் கேன், ஓட்டுகிறவர், உதவியாள் எல்லாம் பின்தலையில் கூடிவிடுவார்கள். அணியம் வானத்தைப் பார்க்கும். வள்ளத்து அடிப்பாகத்தின் தட்டையான பின்பாதி முழுவதும் அலையின் முகத்தில் போய் மோதும்.

கேன்களையும் நங்கூரத்தையும் நடுவுக்கு முன்னால் நகர்த்துங்கள். ஓர் ஆள் நடுவில் நிற்கட்டும். அதே வேகம், அதே திசையில் ஓட்டிப் பாருங்கள். வருகிற வள்ளங்களில் கணிசமானவை இதிலேயே தீர்ந்துவிடும்.

*எஞ்சின் பின் எந்தத் துளையில் இருக்கிறது?*

எஞ்சினைச் சாய்த்து நிறுத்தும் இந்தப் பின், டிரான்சம் என்ற பின்சுவர்ப் பலகைக்கு நெருங்கிய துளையில் இருந்தால் அணியம் தாழும். விலகிய துளையில் இருந்தால் தூக்கும். அமைதியான கடலில் வேகம் கிடைக்கிறது என்று விலகிய துளையில் போட்டுவிட்டு, ஆடியிலும் அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறைய. ஒரு துளை உள்ளே போடுங்கள்.

இதில் எவ்வளவு லாபம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1976-இல் சாவிட்ஸ்கி, பிரவுன் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட சூத்திரத்தை வேகப் படகு வடிவமைப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதன்படி அலையில் வாங்கும் அடி, ஓடும்போது படகு நிமிர்ந்திருக்கும் கோணத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. 6 டிகிரி நிமிர்ந்து ஓடும் வள்ளத்தை 4 டிகிரிக்குத் தாழ்த்தினால் அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு பைசா செலவில்லை. கைபேசியை நடுப்பலகையில் நீளவாட்டில் வைத்து, ஓடும்போது சாய்வைப் படியுங்கள். கட்டி நிற்கும்போது காட்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கு மேல் இருந்தால் தாழ்த்த இடம் இருக்கிறது.

*வேகம்*

அதே கணக்கில் அடி வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 20 நாட்டிலிருந்து 15 நாட்டுக்கு இறங்கினால் அடி பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 28 அடி வள்ளத்தை 10, 12 நாட்டுக்குக் கீழே இறக்கினால் அது நீர்மேல் ஓடும் நிலையை இழந்து, பின்தலை அமுங்கி அணியம் தூக்கும். வேகம் குறைந்தும் அடி குறையவில்லையே என்று தோன்றுவது இதனால்தான். மெதுவான வேகத்திலும் அணியம் தாழ்ந்தபடி ஓடும் வள்ளமே நல்ல வள்ளம். அப்படி ஓடாவிட்டால், டிரான்சத்தின் அடிவிளிம்பில் இரு பக்கமும் அணியத்தைத் தாழ்த்தும் டிரிம் தகடுகள் பொருத்தலாம். இது கொஞ்சம் செலவு பிடிக்கும் வேலை. நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட வேண்டியிருப்பதால் பட்டறையில் விட்டுவிடுங்கள். துளையைச் சரியாக அடைக்காவிட்டால் டிரான்சத்துக்குள் இருக்கும் மரம் ஊற ஆரம்பிக்கும். அந்தக் கதை அறிகுறி 6-இல் வருகிறது.

*அலையை நேராக எடுக்கிறீர்களா?*

நேர் எதிராக எடுக்காமல் 20, 30 டிகிரி சாய்த்து எடுங்கள். அலைகளுக்கு இடையிலான தூரம் அந்த அளவுக்கு நீளும், அணியத்தின் கூர்மையான பக்கமும் வேலை செய்யும். இதோடு அலையின் உயரத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தோடு இடைவெளியும் விநாடிக் கணக்கில் இருக்கும். 12 விநாடி இடைவெளியில் வரும் நீண்ட அலை ஆழ்கடலில் 200 மீட்டருக்கு மேல் நீளமானது. ஒன்றரை மீட்டர் உயரமிருந்தாலும் வள்ளம் அதன்மேல் நடந்துபோகும். அதே உயரம் 4, 5 விநாடியில் வந்தால் அலையின் நீளம் 25 முதல் 40 மீட்டர்தான். ஓர் அலையிலிருந்து விழுந்து எழுமுன் அடுத்தது வந்துவிடும். முதுகை உடைப்பது காற்றடித்த இந்தக் குட்டை அலைதான்.

*இத்தனைக்கும் பிறகும் அடித்தால்: அடிப்பாகத்தின் சாய்வை அளக்க வேண்டும்*

இது கரையில் செய்யும் வேலை. வள்ளத்தை உருளைக்கட்டைமேல் ஏற்றி, ஏராவிலிருந்து (அடியின் நடுவில் நீளவாட்டில் ஓடும் முதுகுக்கட்டை) பக்க மூலை வரை அலுமினியச் சட்டத்தைக் குறுக்காக அடியோடு ஒட்டிப் பிடியுங்கள். சட்டத்தின்மேல் கைபேசியை வைத்துச் சாய்வைப் படியுங்கள். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வள்ளம் சற்றுச் சாய்ந்து நின்றாலும் கணக்கு சரியாக வரும். டிரான்சத்தில், நடுவில், அணியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

டிரான்சத்தில் 10 டிகிரிக்குக் கீழேயும் நடுவில் 15-க்குக் கீழேயும் காட்டினால் அது தட்டை அடி. வேகத்தில் அடிக்கத்தான் செய்யும். சாவிட்ஸ்கி கணக்கில் 10 டிகிரி அடிக்கும் 20 டிகிரி அடிக்கும் உள்ள வித்தியாசம் கால் பங்கு. ஆழமான வி-வடிவ அடிக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தது 1960-இல் மியாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயம். ரே ஹன்ட் வடிவமைத்த அடியோடு மோப்பி என்ற படகு, கரடுமுரடான கடலில் அந்தப் பந்தயத்தை வென்றது. டிரான்சம் வரைக்கும் 24 டிகிரி சாய்வை விடாமல் கொண்டுபோன அடி அது.

அப்படியானால் நமக்கும் 24 வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம். நம் வள்ளம் வலை இழுக்க நடுக்கடலில் நிற்கிறது. ஆழ வி-அடி நின்றால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும், ஒரே பக்கத்தில் நான்கு பேர் நின்று வலை இழுக்க முடியாது. கரையில் ஏற்றினால் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து படுக்கும், மணலில் இழுக்க இழுக்க ஏரா தேயும். அதே வேகத்துக்கு அதிக எண்ணெயும் குடிக்கும். துறைமுகத்திலேயே கட்டிப்போடுகிற வள்ளத்துக்கு டிரான்சத்தில் 18 வரை போகலாம். மணலில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு 14, 15 போதும். ஆனால் அணியத்துப் பகுதியில் கஞ்சத்தனம் கூடாது. அடியை முதலில் வாங்குவது முன்பாதிதான், பின்தலை கிட்டத்தட்ட எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். நடுவில் 20-க்கு மேல், முன் மூன்றில் ஒரு பங்கில் 30-க்கு மேல் என்று சாய்வு முறுகிக்கொண்டே ஏற வேண்டும்.

அடியும் பக்கமும் சேரும் மூலையில் தட்டையாக ஒரு பட்டை விடுவார்கள். அதை சைன் என்பார்கள். தூக்கு கிடைக்கும், நிற்கும்போது ஆட்டம் குறையும், உண்மைதான். ஆனால் மூன்று நாலு விரற்கடைக்கு மேல் அகலம் விட்டால் ஒவ்வோர் அலைக்கும் அது தனியாக ஓர் அறை அறையும். அடிக்கும் சத்தம் நடுவிலிருந்து வராமல் இரு பக்கத்திலிருந்தும் கைதட்டல் மாதிரி வந்தால் இந்தப் பட்டையைச் சந்தேகப்படுங்கள்.

அகலமும் அப்படித்தான். பெரிய ஐஸ் பெட்டி வைக்க வேண்டும் என்று ஓர் அடி அகலம் கூட்டிக் கட்டச் சொல்கிறார்கள். நம் பழைய வள்ளம் அலையை வெட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் அதன் ஒடுக்கம். இடம் வேண்டுமானால் நீளத்தில் கூட்டுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்:* சாய்வை மாற்றுவது பட்டறை ஒட்டுவேலை இல்லை. பழைய அடிக்குக் கீழே நுரை வைத்து ஃபைபர் போர்த்தி வி-வடிவம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எடை எவ்வளவு கூடும், மிதப்பு எங்கே நகரும், நிலைப்பு என்ன ஆகும் என்று எழுதிக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் ஒரு கப்பல் வடிவமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் கை வைக்க விடாதீர்கள். மீன்பிடிப் படகு வடிவமைப்புக்கு நமக்குப் பக்கத்தில் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கப்பல் தொழில்நுட்பம் கற்பிக்கும் கொச்சிப் பல்கலைக்கழகமும் அங்கேதான். வள்ளத்தின் நீள அகலமோ எஞ்சின் திறனோ மாறினால் மீன்வளத்துறைப் பதிவிலும் மாற்ற வேண்டும்.

அறிகுறி 2: அலையே இல்லாவிட்டாலும் அணியம் துள்ளித் துள்ளி ஓடுகிறது

அமைதியான கடலிலும் ஒரே தாளத்தில் அணியம் ஏறி இறங்கினால் அலைமேல் பழி போட முடியாது. எஞ்சின் பின்னை ஒரு துளை உள்ளே போடுங்கள். சுமையை முன்னே நகர்த்துங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

நிற்கவில்லையா? அலுமினியச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்கு அடியில் படுக்க வேண்டும். ஏராவுக்கும் பக்க மூலைக்கும் நடுவே, டிரான்சத்திலிருந்து முன்னோக்கி நீளவாட்டில் சட்டத்தை வைத்து அழுத்துங்கள். சட்டம் முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் முட்டி நின்று டிரான்சப் பக்கம் இடைவெளி தெரிந்தால், அடி அங்கே வயிறு தள்ளியிருக்கிறது. அந்த வளைவு பின்தலையைக் கீழே உறிஞ்சும், அணியம் எழும்பும், துள்ளல் தொடங்கும். இரு முனையும் ஒட்டி நடுவில் இடைவெளி தெரிந்தால் உள்வாங்கியிருக்கிறது. அதனால் அணியம் தாழும், வேகம் போகும், அறிகுறி 4 வரும். 3 மில்லிமீட்டர் வித்தியாசமே ஓட்டத்தில் தெரியும்.

பின்தலைக்கு நேர் கீழே தாங்குகட்டை இல்லாமல், எஞ்சினோடு மாதக்கணக்கில் ஏற்றி வைத்த வள்ளத்தில் உள்வாங்கல் வரும். ஃபைபரைப் பிணைக்கும் ரெசின் இறுகுமுன் வார்ப்பு அச்சிலிருந்து அவசரமாக எடுத்த வள்ளத்தில் இரண்டும் வரும். புட்டி வைத்து நேராக்குவது ஒரு நாள் வேலை. ஆனால் அடி மெலிந்து வளைந்திருந்தால் புட்டி நிற்காது, உள்ளே விலாக்களை வலுப்படுத்த வேண்டும். கையால் அழுத்தினால் அந்த இடம் அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் நீங்கள் நிறுத்திக்கொண்டு பட்டறையைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, அந்தப் பக்கமே அடிக்கிறது

வி-அடி நிமிர்ந்து இறங்கினால்தான் அலையை வெட்டும். 15 டிகிரி அடி 10 டிகிரி சாய்ந்து ஓடினால் ஒரு பக்கம் கிட்டத்தட்டத் தட்டையாகத் தண்ணீரில் இறங்கும். வி-அடி வைத்த பலன் போயிற்று.

இதற்கு ஒரே ஒரு சோதனை. சாய்ந்து ஓடும்போது வள்ளத்தை நேர் எதிர்த் திசைக்குத் திருப்பி அதே வேகத்தில் ஓட்டுங்கள்.

சாய்வு *பக்கம் மாறினால்* காரணம் காற்று. வி-அடி வள்ளம் பக்கக் காற்றில் காற்றை நோக்கிச் சாயும். காற்று அணியத்தைத் தள்ள, நேராகப் போக நாம் எஞ்சினைத் திருப்பிப் பிடிக்க, அந்தத் திருப்பலே சாய்க்கிறது. ஓர் ஆளைக் காற்று மறைவுப் பக்கம் நகர்த்துங்கள். அணியத்தில் உயரமாகக் கட்டிய தார்ப்பாய், குவித்த வலை ஆகியவற்றைத் தாழ்த்துங்கள்.

சாய்வு *அதே பக்கம் நின்றால்* காரணம் வள்ளத்துக்குள். முதலில் சுமை. அப்புறம் ஒரு பக்கத்து மிதவை அறையில் தண்ணீர்: அடைப்பானைத் திறந்து பாருங்கள். அப்புறம் புரொப்பெல்லர்: வலச்சுற்றுப் புரொப்பெல்லர் வள்ளத்தை இடப்பக்கம் சற்று அமுக்கும். எஞ்சின் நடுவில் இல்லாமல் ஒதுங்கி மாட்டியிருந்தால் இது கூடும். டிரான்சத்தின் நடுக்கோட்டை அளந்து பாருங்கள். எல்லாம் சரியென்றால் இரு பக்க அடிச்சாய்வை மேலே சொன்னபடி அளந்து ஒப்பிடுங்கள். அளக்குமுன் மட்டப்பலகை வைத்து வள்ளத்தைக் குறுக்கே சமமாக நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசமிருந்தால் அச்சே முறுகியிருக்கிறது. கட்டிக் கொடுத்தவரிடம் கொண்டுபோங்கள், உங்கள் கையால் திருத்த முடியாது.

அறிகுறி 4: பின்னலையில் மூக்கைக் குத்தி, பக்கவாட்டில் திரும்பப் பார்க்கிறது

உயிரைக் கொண்டுபோகும் அறிகுறி இது. தேங்காப்பட்டணத்தில் ஆற்றுவாயை ஒட்டிய துறைமுக முகத்துவாரமும் மணக்குடிப் பொழிமுகமும் இதற்குப் பேர் போன இடங்கள். மணல் மேடிட்டு ஆழம் குறைய, அலை எழும்பி உடையும். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் பயமாக இருக்கும் இடம்.

*உடனே செய்ய வேண்டியது:* அணியத்தில் ஏற்றிய சுமையைப் பின்னால் நகர்த்துங்கள், எஞ்சின் பின்னை ஒரு துளை வெளியே போடுங்கள். இரண்டையும் முகத்துவாரத்துக்கு வெளியே, அமைதியான இடத்தில் நின்று செய்துவிட்டு வாருங்கள். எதிரலைக்கு அமைத்த வள்ளத்தோடு அப்படியே உள்ளே நுழையாதீர்கள்.

*வேகத்தைச் சரிபாருங்கள்.* 5 விநாடி அலை ஆழ்கடலில் சுமார் 15 நாட்டில் ஓடுகிறது. ஆழம் 3 மீட்டரே இருக்கும் மணல்மேட்டில் எந்த நீண்ட அலையும் 10, 11 நாட்டுக்கு இறங்கிவிடும். உங்கள் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் வள்ளம் அலையின் முன்சரிவில் சிக்கும். எஞ்சின் பிடி தளரும், அணியம் முன்னால் உள்ள பள்ளத்தில் குத்தும், பின்தலையை அலை தள்ளிச் சுற்றிவிடும். ஓர் அலையின் முதுகில் ஏறிக்கொண்டு, அதன் உச்சியைத் தாண்டாமல், அதன் வேகத்திலேயே உள்ளே வாருங்கள். முன்னால் உள்ள அலையை முந்தவும் கூடாது, பின்னால் வருவதிடம் மாட்டவும் கூடாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலில் கை இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

*வள்ளத்தில் பார்க்க வேண்டியது:* அடி உள்வாங்கியிருக்கிறதா (அறிகுறி 2). அணியத்தின் அடிமூலை மிகக் கூர்மையாக, ஆழமாக இறங்கியிருக்கிறதா. எதிரலையை வெட்ட வேண்டும் என்று அணியத்தைக் கத்தி மாதிரி ஒடுக்கிக் கட்டினால், பின்னலையில் அந்தக் கத்தியே சுக்கானாக மாறிவிடும். மேலே போகப் போக அணியம் விரிந்து மிதப்புத் தர வேண்டும். விரிவு போதாத வள்ளத்துக்கு மேல்பகுதியில் உயரம் ஏற்றிக் கட்டலாம். ஆனால் அதை வடிவமைப்பாளர் வரைந்து தந்தால் மட்டுமே.

பின்னையும் சுமையையும் சரிசெய்த பிறகும் ஒரு முறை வள்ளம் சுற்ற முயன்றால், முகத்துவாரம் வழியாக அந்த வள்ளத்தை மறுபடி கொண்டுபோகாதீர்கள். கரையில் ஏற்றிக் காட்டுங்கள்.

அறிகுறி 5: அடி குறைவுதான், ஆனால் தண்ணீர் அள்ளி முகத்தில் கொட்டுகிறது

அணியத்தில் சுமை கூடியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் நீர்தள்ளும் பட்டி இல்லை, அல்லது தேய்ந்து மழுங்கிவிட்டது. பட்டியின் கீழ்முகம் தட்டையாகவும் வெளிவிளிம்பு கூர்மையாகவும் இருக்க வேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் தண்ணீர் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், பட்டி இருந்தும் பயனில்லை. விரலை ஓட்டிப் பாருங்கள், விளிம்பு தட்டுப்பட வேண்டும்.

புதிதாக வைப்பது ஒரு பட்டறைக்குச் சிறிய வேலைதான். ஆனால் ஏராவுக்கு அருகில் அடியில் ஓடும் பட்டியை டிரான்சம் வரை கொண்டுபோக விடாதீர்கள். அது காற்றுக்குமிழிகளை நேராகப் புரொப்பெல்லருக்கு அனுப்பும். எஞ்சின் திடீர் திடீரென்று அலறுகிறது என்று வந்த வள்ளங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அலறலுக்கு இன்னொரு காரணம் எஞ்சின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலேயோ இருக்கலாம். அதற்கு மேல் உயர்ந்தால் அலையில் காற்றைக் குடிக்கும்.

அறிகுறி 6: அடி விழும்போது காலுக்குக் கீழே தரை துடிக்கிறது

இதுவரை சொன்னவை ஓட்டத்தின் கோளாறுகள். இது உடம்பின் கோளாறு. இதைக் கண்டால் மற்ற அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு இதை முதலில் பாருங்கள்.

*தட்டிப் பார்ப்பது.* எஞ்சின்களும் மனிதர்களும் அடங்கிய நேரமாகப் பாருங்கள், காது வேண்டும். ஸ்குரூடிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் அடியை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் 'டக்' என்று இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும், பிடி கையில் துள்ளும். விலாவுக்கு நேர் மேலே சத்தம் இன்னும் சுருங்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம் வரும், பிடி துள்ளாது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நான்கு வட்டம் ஒரே வரிசையில் வந்தால், உள்ளே நீளவாட்டில் ஓடும் விலா அடியிலிருந்து பிரிந்திருக்கிறது. முன் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் இது அதிகம் அகப்படும், அலை ஓங்கி அறைவது அங்கேதான்.

*வெடிப்பைப் படிப்பது.* நட்சத்திரம் போல் ஒரு புள்ளியிலிருந்து விரிந்த வெடிப்பு, எதிலோ இடித்ததன் அடையாளம். பெரும்பாலும் ஜெல்கோட் என்ற மேற்பூச்சோடு நின்றுவிடும். விலா ஓரமாக நேர்கோட்டில் ஓடும் வெடிப்பு, அடி வளைந்து வளைந்து களைத்ததன் அடையாளம். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பது ஆபத்து.

*டிரான்சத்தின் உள்மரம்.* எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, டிரான்சம் பலகையைக் கவனியுங்கள். பலகை சுவாசிப்பது போல அசைந்தால், உள்பக்கத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்றை மரம் வரை மட்டும் போடுங்கள், வெளிப்பக்கம் துளைத்துவிடக் கூடாது. வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. பழுப்பாக, ஈரமாக, பிண்ணாக்கு போல் உருண்டு வந்தால் மரம் செத்துவிட்டது. சோதனைத் துளையை எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.

*மறைந்த எடை.* புது வள்ளத்தில் நீர்மட்டக் கோட்டைக் காலியாக நிறுத்திக் குறித்து வைத்திருந்தால் இது சுலபம். 28 அடி வள்ளம் ஒரு சென்டிமீட்டர் தாழ, தோராயமாக 80 முதல் 100 கிலோ வேண்டும். காலி வள்ளம் முன்பைவிட மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்து மிதந்தால், கால் டன் தண்ணீர் நுரைக்குள்ளும் மரத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்:* உள்ளங்கை அளவைத் தாண்டிய செத்த சத்தம், விலா ஓர வெடிப்பு, அசையும் டிரான்சம், இந்த மூன்றில் எது இருந்தாலும் வள்ளம் கடலுக்குப் போகக் கூடாது. மேலே இரண்டு பட்டை மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டி ரெசின் பூசுவது பழுது பார்த்ததாகாது. வெடித்த இடத்தைச் சுற்றித் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு தூரம் வரை சரிவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். அடி 8 மில்லிமீட்டர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுக்கக் காயவிட்ட பிறகுதான் அடுக்குப் போட வேண்டும். பழைய ஃபைபரில் எபாக்ஸி பிடிக்கும் அளவுக்குப் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது. செலவு கூடுதல்தான். ஆனால் அடிப்பாகத்தில் இந்தச் செலவைக் குறைக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். ஒரு முறை எபாக்ஸி போட்டுவிட்டால் அதன்மேல் பாலியெஸ்டர் போடவும் கூடாது, சரியாக ஒட்டாது. மழைக்காலத்து ஈரக்காற்றில் இந்த வேலையை ஒப்புக்கொள்ளும் பட்டறையைவிட, "வெயில் வரட்டும்" என்று சொல்லும் பட்டறையை நம்புங்கள்.

அறிகுறி 7: வள்ளம் சரி, உடம்புதான் தாங்கவில்லை

ஓட்டுகிறவர் குறுக்குப்பலகையில் உட்கார்ந்து ஓட்டினால் ஒவ்வோர் அடியும் நேராக முதுகெலும்புக்குப் போகும். முழங்காலைச் சற்று மடக்கி நின்று, பிடித்துக்கொள்ள வலுவான கம்பி வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் நுரை விரிப்பு போடுங்கள். பின்தலையில் நிற்கிறவருக்கு அடி குறைவு, அணியத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம். ஆகவே புதுப்பையன்களை எதிரலையில் அணியத்தில் உட்கார வைக்காதீர்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் போவதில் சிரமம் என்று வந்தால் அது பட்டறை விஷயம் இல்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எதிலும் தீராமல் புது வள்ளம் கட்டச் சொல்லும்போது

பழைய வள்ளத்தில் அளந்த மூன்று இடத்துச் சாய்வு, ஓடும்போது எடுத்த நிமிர்வுக் கோணம், நீர்மட்டக் குறி, எந்தக் கடலில் எந்த வேகத்தில் அடித்தது என்ற குறிப்பு இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். "அடிக்காத வள்ளம் வேணும்" என்று சொன்னால் கட்டுகிறவர் தன்னிடம் இருக்கும் அச்சைத்தான் காட்டுவார். எண்களைக் காட்டினால் எந்த அச்சு ஒத்துவரும், எது வராது என்று பேச முடியும். அச்சைக் கவிழ்த்து வைத்திருக்கும்போதே உங்கள் கைபேசியால் சாய்வை அளந்துவிடுங்கள். அடியில் எத்தனை அடுக்கு மேட், எத்தனை அடுக்கு ரோவிங் (நெய்த கண்ணாடி இழை), விலாக்களுக்கு இடைவெளி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணத்தைச் சோதனை ஓட்டம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். அந்த ஓட்டத்தைக் காலையில் கண்ணாடி போலக் கிடக்கும் கடலில் போகாமல், பிற்பகலில் காற்று ஏறிய பிறகு, வலையும் ஐஸும் ஏற்றி, போவதும் வருவதுமாக இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.